ஓட்டை இல்லாத தொட்டி

சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறது. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது, பூட்டை இழுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, கேஸ் மட்டும்தான் சந்தேகம். அடைத்தேன். சிலிண்டர் திருகுவரைக்கும் குனிந்து அடைத்தேன், குனியும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது இன்றைக்கா, நேற்றைக்கா? அவளுக்கு வந்திருக்கிற வியாதி எனக்கும் ஒட்டிக்கொள்கிறதோ என்னவோ. வசந்தாமணி உள்ளே தூங்குகிறாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாத்திரை கொடுத்தால் காபி நேரம் வரைக்கும் அசைய மாட்டாள், பெரும்பாலும் அசைய மாட்டாள். கட்டிய பெண்டாட்டியை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு, மருதமலை ரோட்டு நர்சரியில் வந்து செடி பார்த்துக்கொண்டிருக்கிற கிழவனை நாலு பேர் என்ன சொல்வார்கள்? சொல்லட்டும். அவர்களா வந்து துடைக்கப் போகிறார்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் உரச்சாக்கு கிடக்கிறது, அதற்குள் செத்தது கிடக்கிறது. காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் தொட்டேன், முழுச் செடியும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. வெந்த கத்தரிக்காய் மாதிரி கொழகொழவென்று ஒரு கூழ், அதில் ஒரு நாற்றம். மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. இதே நர்சரியில்தான் வாங்கினேன். ஸ்னேக் பிளான்ட், வருஷக்கணக்கில் மறந்துவிட்டாலும் அப்படியே நிற்கும் என்றார்கள். மறந்தால் நிற்கும், சரி. மறந்து மறந்து ஊற்றினால்? அதை யாரும் சொல்லவில்லை. அவள் எழுந்திருப்பதற்குள் அந்த ஜன்னலோரத்தில் பச்சையாக ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். இல்லையென்றால் போன தடவை மாதிரி ஆகிவிடும், போன தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போனது, இந்தத் தடவை அதோடு நிற்காது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நர்சரிக்கார அம்மாள் குழாயை ஒரு பக்கம் போட்டுவிட்டு வந்தாள். "சொல்லுங்கய்யா, வீட்டுக்குள்ள வெக்கறதுக்குங்களா? மெயின்டனன்ஸ் இல்லாம?" எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் காட்டிக்கொண்டே நடந்தாள். இது இசட் இசட்டுங்க, இருட்டு ரூம்லகூட வரும், மாசத்துக்கு ஒருக்கா தண்ணி காட்டினாப் போதும். இது ஜேடுங்க, அதுவும் கேக்காது. இது கள்ளி, நீங்க அமெரிக்கா போயி பேரனைப் பாத்துப்போட்டு வந்தாலும் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றும் பளபளவென்று, தடித்த இலையோடு, யாருடைய தயவும் வேண்டாம் என்கிற மாதிரி நிற்கிறது. எனக்கு இவற்றைப் பார்த்தாலே ஆத்திரமாக வருகிறது. எல்லாவற்றையும் வாங்கியாகிவிட்டது. எல்லாம் என் வீட்டில் செத்திருக்கிறது. கள்ளி எட்டு நாளில் கறுத்துச் சாய்ந்தது. ஜேடு ஒவ்வொரு இலையாக உதிர்த்தது, அவள் அதைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த அம்மாளிடம் என்னவென்று கேட்பது? எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் சாகாதது எது என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் வசந்தாவைச் சொல்ல வேண்டும், வசந்தாவைச் சொன்னால் எங்கள் பையன் பூபதியைச் சொல்ல வேண்டும். "பாத்துட்டு இருக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். குழாயிலிருந்து தண்ணீர் சும்மா மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவன் நான், எந்த மோட்டார் எவ்வளவு தண்ணீர் தூக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இப்படி நடுங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் ஒன்றும் வேண்டுமென்று செய்வதில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு வருவாள், சிறுவாணித் தண்ணீர்தான், போர் தண்ணீரைத் தொட மாட்டாள், உப்புத் தண்ணியையா குடுக்கறது என்பாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் பாதி செடிக்குத்தான். ஊற்றுவாள், கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள், ஹாலுக்கு வருவாள், செடியைப் பார்ப்பாள். "ஏனுங்க, இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" "இப்பத்தான் நீ ஊத்தினே வசந்தா." "நானா? நான் எப்பங்க ஊத்தினேன்?" மறுபடி டம்ளர். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அதுதான் முதல் தடவை. டம்ளரை ஒளித்து வைத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், வழியெல்லாம் சொட்டியது. செடியே வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். அது அதைவிட மோசம். டம்ளரோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தலையணையில் ஊற்றினாள், என் செருப்பில் ஊற்றினாள், டிவிக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் பக்கம் போகும்போது பிடித்தேன். பிடித்த கையை உதறிவிட்டு, யாரோ கேக்கறாங்க, உங்களுக்குக் காதே கேக்காதுங்களா என்று கத்தினாள். பிளாஸ்டிக் செடி ஒன்று வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது, அவள் கோபிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் பிறந்தவள், இலையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். "இது குடிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். பாட்டிலில் மணி பிளான்ட் போட்டு வைத்தேன், என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், தண்ணீரிலேயே வளர்வதற்கு எவ்வளவு ஊற்றினால் என்ன. அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊற்றிய தண்ணீர் குறையவே இல்லை, அப்படியே நின்றது. ஒரு வாய்கூடக் குடிக்கலியே, வெச்சது வெச்சபடியே இருக்குதே என்று அழுதாள். அதையும் எடுத்துவிட்டேன்.

செடி வாடினால் அவள் தன்னால் வாடியது என்று நினைக்கிறாள். ஊற்றியது ஒன்றும் நினைவில் இல்லையே, அதனால் ஊற்றவில்லை என்று முடிவு செய்துவிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சாப்பிட மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். அவன் குடிக்காம நான் எப்படிங்க குடிக்கறது. யார் அவன் என்றால் தெரியாது. போட்டோவைக் காட்டினால் யாரோ நல்ல பையன் என்கிறாள். பெற்ற பிள்ளையின் முகம் போய்விட்டது, பெயர் போய்விட்டது, அவனுடைய தாகம் மட்டும் போகவில்லை. நடந்தது மறந்து போகும் சார், அதனால வந்த துக்கம் மறக்காது என்று டாக்டர் சொன்னார், போன தடவை டிரிப் ஏற்றிக்கொண்டிருக்கும்போது. இந்த உடம்பு இன்னொரு தடவை இப்படிக் காய்ந்தால் தாங்காது என்றும் அவரேதான் சொன்னார். அவள் நாக்கு அப்போது மரப்பட்டை மாதிரி இருந்தது. எனக்கு அந்த நாக்கைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அதே நாக்கை இன்னொரு கட்டிலில் பார்த்திருக்கிறேன். பூபதிக்கு வயிற்றில் ஆபரேஷன். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவசர கேஸ் ஏதோ உள்ளே போய்விட்டது, இவனுடையது தள்ளித் தள்ளிப் போனது. அம்மா, ஒரு வாய் தண்ணி. அம்மா, தொண்டை மட்டும் நனைச்சுக்கறேன், முழுங்க மாட்டேன். வளர்ந்த பையன், மீசை வைத்தவன், பொண்ணு பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கெஞ்சினான். வீட்டிலிருந்து எவர்சில்வர் செம்பில் கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீரை அவன் கண்ணில் படக்கூடாது என்று வசந்தா வெளியே வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் முடிந்ததும் மொதல்ல இதுதான் குடுக்கோணும், டாக்டர் பாக்காதப்ப ஒரு வாய் குடுத்துருவேன் என்று என்னிடம் சொன்னாள். முடிந்தது. செம்பு அவள் கையிலேயே இருந்தது. பையன் போய்விட்டான் என்று உள்ளேயிருந்து வந்து சொன்ன பிறகு அவள் அழவில்லை, நேராக வராந்தா மூலைக்குப் போனாள், அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது, செம்புத் தண்ணீர் முழுக்க அதில் ஊற்றினாள், கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துப் பிடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்கி என்ன செய்ய. அன்றிலிருந்து அவள் கண் முன்னால் நான் தண்ணீர் குடித்ததில்லை, அடுக்களைக்குள் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்துவிட்டு வருகிறேன்.

நர்சரிக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு காலித் தொட்டியைக் கையில் எடுத்து அடியில் இருக்கிற ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. மூன்று ஓட்டை. வீட்டில் இருக்கிற தொட்டியில் நான் டிரில்லால் இன்னும் போட்டேன், தண்ணீர் நிற்காமல் ஓடட்டும் என்று, சுற்றிலும் போட்டேன், புத்திசாலி என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். அவள் ஊற்றினாள். எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. எனக்குத் தோள் சில்லிட்டுவிட்டது. சட்டை நனைந்துவிட்டதோ என்று தொட்டுக்கூடப் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவன், கூடப் பிறந்தவனும் இல்லை, அதனால் சுடுகாட்டில் பூபதிக்கு நான்தான் கொள்ளிக்குடம் எடுத்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு கொத்து, பின்னால் வந்தவர் கத்தி முனையால் குடத்தில் ஓட்டை போட்டார், தண்ணீர் பின்பக்கம் பீச்சியது, முதுகெல்லாம் நனைந்தது, மூன்று சுற்று. தண்ணீர் கேட்டுச் செத்தவனைச் சுற்றி அத்தனை தண்ணீரைத் தரையில் சிந்திக்கொண்டு நடந்தேன். அதற்கு முன்னால் வீட்டு வாசலில் எல்லாரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள், வசந்தா ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். "காஞ்ச வாயில அரிசியப் போடறீங்களே, ஒரு வாய் தண்ணி குடுங்களே." அவள் அண்ணன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள், பார்க்கவில்லை. என் வீட்டு ஹாலில் தினம் அந்தக் குடம் பீச்சிக்கொண்டிருக்கிறது, நான் துணியை வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஓட்டை இல்லாத தொட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். "ஓட்டை இல்லாமயா? வேர் அழுகிப்போயிருமுங்கய்யா." "எது அழுகாதோ அதைக் குடு. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் சாகாதது எதுவோ அதக் குடு." குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்தில் ரோஜா பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். நர்சரிக்கார அம்மாள் சிரிக்கவில்லை. "எல்லாருமே தண்ணி ஊத்தாம இருக்கறதுக்குத்தானுங்க செடி கேப்பாங்க" என்றாள், பிறகு, "வீட்ல யாருங்க ஊத்தறது?" கையில் இருந்த தொட்டியைக் கீழே வைத்தேன். "எம்பட சம்சாரம். ஊத்துனது ஞாபகம் இருக்கறதில்ல." பூபதியைச் சொல்லவில்லை, அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. குழாயடிக்குப் போனாள். அங்கே தண்ணீர் எப்போதும் ஓடி ஓடிச் சேறாகக் கிடந்த இடத்தில் சேம்பு முளைத்திருந்தது, இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், யாரும் நட்டது மாதிரித் தெரியவில்லை. "இது விக்கறதுக்கு இல்லீங்க, அதா வந்தது. வாய்க்கா ஓரமெல்லாம் கெடக்குமே, அதேதான். சேத்துலயே நிக்கும். ஜன்னலோரமா வெச்சுப்போடுங்க, எத்தன ஊத்தினாலும் குடிக்கும், வயிறு நெறஞ்சுதுன்னா காலைல எலை நுனில சொட்டு நிக்கும், நீங்களே பாக்கலாம்." மண்ணோடு தோண்டினாள். பிளாஸ்டிக் பெயிண்ட் வாளி ஒன்றில், அடியில் ஓட்டை இல்லாத வாளி, களிமண்ணும் சேறுமாக அமுக்கி நட்டாள். காசு கொடுத்தேன், வாளிக்கு மட்டும் எடுத்துக்கொண்டாள். சாக்கைக் காட்டி, இதைப் போட்டுவிட முடியுமா என்று கேட்டேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

வாளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது பெரும்பாடு, இலை முழங்கையில் தட்டித் தட்டி வருகிறது. நேரமாகிவிட்டது. நான் அங்கே நின்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், வடவள்ளி பஸ் இரண்டு கடந்து போனது எனக்குத் தெரியும், மூன்றாவதும் போயிருக்கலாம். மத்தியானமே கேட்டாள், சோற்றில் கை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, எங்கீங்க காணோம் என்றாள். வெயில் காட்ட மொட்டை மாடியில வெச்சிருக்கறேன் என்றேன். வெயில்ல வெச்சா தாகமெடுக்குமே என்றாள். அந்த வார்த்தையோடு நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாமல், தண்ணி ஊத்திட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். மாத்திரையை முழுங்கினாளா, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாளா, நான் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பூட்டிய வீட்டுக்குள் எழுந்து நடக்கிறாள் என்றால். பிளக் பாயிண்ட். கேஸ். செடியைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போகக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தால். சாவி இருக்கிறது, பையில் தட்டிப் பார்த்தேன், இருக்கிறது. எங்கள் பிளாட்டுக்கு லிஃப்ட் கிடையாது. வாளியோடு படி ஏறும்போது மூச்சு வாங்கியது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன், நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மெதுவாக, நூல் மாதிரி, முதல் படியில் இறங்கி இரண்டாவது படிக்கு வந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பூட்டில் சாவி முதலில் நுழையவில்லை, திருப்பிப் போட்டுத் திறந்தேன்.

உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான் முதலில் பார்த்தேன், நிற்கிறாள், உயிரோடு நிற்கிறாள். ஜன்னலோரத்தில் தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டக் கறை உண்டு, அந்த வட்டத்துக்கு நடுவில், டம்ளரைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடம் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், பயந்த முகம். "எல்லாம் கீழ போகுதுங்க, வாயே இல்லீங்க" என்றாள். வாளியைக் கொண்டுபோய் அந்த வட்டத்தின் மேலேயே வைத்தேன். அவள் சேம்பிலையைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள், நுனிவரைக்கும் தடவினாள், வாய்க்கால் ஓரத்தில் விளையாடிய கை அது, அதற்குத் தெரிந்துவிட்டது. அடுக்களைக்குப் போய், நான் எனக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து டம்ளரில் நிறைத்துக்கொண்டு வந்தாள். ஊற்றினாள். வழியில் வெயில்பட்டு மேல் மண் காய்ந்திருந்தது போல, உள்ளே இறங்கும்போது மொடக் மொடக்கென்று குமிழி விட்டது, நிஜமாகவே யாரோ குடிக்கிற சத்தம். அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். "குடிக்கறான்" என்றாள். எத்தனையோ காலத்துக்கப்புறம் அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், என் வறண்ட உதட்டின் மேல் விரலை வைத்தாள். நான் யார் என்று தேடுகிறாள் என்று தெரிந்தது, புருஷன் என்று சொல்லலாம், வசந்தா, நான்தான் என்று சொல்லலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திரும்பி டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தாள், வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குடி சாமி. டாக்டர் பாக்கல."

டம்ளரை என் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். குடித்தேன். அவள் கண் முன்னால், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன்.

"இன்னும் வேணுமா?"

"வேணும்மா" என்றேன்.